பத்து நாள் நினைவு

டாக்டர் காந்திமதி அன்று காலையிலிருந்து தன்னுடைய கட்டுரைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நாட்டின் பெரிய அறிவியல் விருது ஒன்றுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்கப் போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வருட ஆராய்ச்சியை ஒரே கோப்பாகத் தர வேண்டும். மூலக்கூறு உயிரியலில் நாற்பத்தொரு கட்டுரைகள், நரம்பியலில் அறுபத்து மூன்று. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்தவை.

அந்தக் கண்டுபிடிப்புக்குக் காலப்பொட்டு என்று பெயர். ஒரு நினைவு மூளையில் பதியும்போது, அதைத் தாங்கும் நரம்புச் சந்திப்புகளில் ஒரு புரதம் உருவாகிறது. அந்தப் புரதத்தின் மேல் பொட்டு வைத்ததுபோல் சின்னச் சின்ன வேதிக்கூறுகள் ஒட்டியிருக்கும். நாளாக ஆக அவை ஒரே சீராக உதிர்ந்துகொண்டே போகும். ஒருவரை அந்தச் சம்பவத்தை நினைக்கச் சொல்லி, ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, மிச்சமிருக்கும் பொட்டுகளை அளந்தால் நினைவின் வயது தெரிந்துவிடும். காந்திமதி இதைக் கண்டுபிடித்து பதினான்கு வருடம் ஆகிறது. நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டு ஆறு வருடம். சாட்சி சொல்பவர் சம்பவத்தை உண்மையிலேயே பார்த்தாரா, பிற்பாடு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கண்டுபிடிக்க அவருடைய அறிக்கையைத்தான் கேட்டார்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஜெய்லானி கதவருகே வந்து நின்றான். கீழக்கரைக்காரன், அவரிடமே டாக்டர் பட்டம் வாங்கி அங்கேயே ஆராய்ச்சியாளனாகத் தங்கிவிட்டவன். வழக்கமாக உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வருவான்.

"என்ன ஜெய்லானி? உட்காரு."

அவன் உட்காரவில்லை. ஒரு தாளை மேஜைமேல் வைத்தான்.

"எட்டாவது கூண்டு எலிங்க, மேடம். நீலப் பெட்டியில ஒரே ஒரு தடவை ஷாக் கொடுத்தோம்ல. எட்டு மாசம் ஆச்சு. இந்தக் கூண்டுக்கு மட்டும் தினமும் அந்தப் பெட்டியைக் காட்டினேன். ஷாக் கிடையாது. மூணே செகண்ட். அதுக்கு மேல காட்டினா பயமே போயிடும். சும்மா ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்."

"சரி."

"எட்டு மாசம்னு வரணும். ஒரு நாள்னு வருது."

காந்திமதி தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஊசி மருந்து கெட்டுப் போயிருக்கும்."

"புது மருந்து மேடம். மூணு தடவை பண்ணிட்டேன். மூணாவது தடவை எது எந்தக் கூண்டுன்னு எனக்கே தெரியாது. லேப் டெக்னீஷியன் கோகிலா நம்பரை மாத்திப் போட்டாங்க. அதே ரிசல்ட்தான்."

"நினைச்சுப் பார்க்கிறதால பொட்டு மாறாதுன்னு நாம நிரூபிச்சிருக்கோமே. அந்தக் கட்டுரைய வச்சுத்தானே கோர்ட்டே ஒத்துக்கிட்டாங்க."

"அந்த எலிங்க மொத்தமா நாலு தடவைதான் நினைச்சுப் பார்த்துச்சு மேடம். நாலு தடவைக்கு ஒண்ணும் ஆகலை. இதுங்க இருநூத்து நாப்பது தடவை." அவன் குரல் தணிந்தது. "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புதுப் பொட்டு ஒட்டுது. பழசு உதிர உதிரப் புதுசு வந்துக்கிட்டே இருக்கு."

காந்திமதி தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"கோர்ட்டுக்கு இதுவரைக்கும் எத்தனை ரிப்போர்ட் கொடுத்திருக்கோம்?"

"இருநூத்திப் பதினாறு."

"அதுல நினைவு புதுசுன்னு கொடுத்தது?"

"முப்பத்தெட்டு." அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"எலிக்கு நீ தினமும் பெட்டியைக் காட்டின. மனுஷன்ல யாரு ஒரே விஷயத்தைத் தினமும் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. மறக்க முடியாதவர்கள்தான் நினைத்துக்கொண்டு இருப்பார்கள். அடிபட்டவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். பொய்ச்சாட்சி என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததெல்லாம், உண்மையை ஒரு நாளும் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தவர்களைத்தான்.

முப்பத்தெட்டுக் கோப்புகளையும் எடுத்து வரச் சொன்னார். ஏழாவது கோப்பிலேயே கை நின்றுவிட்டது. ரீத்தம்மாள். அந்த ஒரு வழக்குக்குத்தான் காந்திமதி நேரில் போய்ச் சாட்சி சொல்லியிருந்தார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு இறால் உரிக்கும் கூடம். ஐந்து வருடத்துக்கு முன்னால் அங்கே குளிரூட்டும் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. உள்ளே வேலை பார்த்த ஏழு பெண்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதில் ஒருத்தி ரீத்தம்மாளின் மகள் ஜெசிந்தா, பத்தொன்பது வயது. கூடத்துக்கு வெளியே கூடை கழுவிக்கொண்டிருந்த ரீத்தம்மாள், அதற்குச் சற்று முன்னால் சூப்பர்வைசர் பின்கதவை வெளிப்பக்கம் பூட்டியதைப் பார்த்ததாகச் சொன்னாள். கதவு பூட்டப்படவே இல்லை என்றான் அவன். கூட்டம் கூடியபோது பூட்டைக் காணவில்லை. வேறு சாட்சியும் இல்லை. எதிர்த்தரப்பு நினைவுப் பரிசோதனை கேட்டது. சம்பவம் நடந்து ஒரு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தபோது எடுத்த ஸ்கேன், அவளுடைய நினைவுக்கு வயது பத்து நாள் என்று காட்டியது; அன்றைய கருவியால் அதற்குக் கீழே அளக்க முடியாது.

சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு காந்திமதி அதை விளக்கியபோது, கீழே உட்கார்ந்திருந்த ரீத்தம்மாள் எழுந்து, "அதெப்படிம்மா புதுசா இருக்கும்? நான் அத ஒரு நாளும் விட்டதில்லையே" என்று கேட்டாள். நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். காந்திமதி அவள் பக்கம் திரும்பிப் பொறுமையாகவே பதில் சொன்னார். மனித மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும், மூலக்கூறு ஏமாற்றாது என்றார்.

சூப்பர்வைசர் விடுதலை ஆனான். ரீத்தம்மாள் பொய்ச்சாட்சிக்காகப் பதினான்கு மாதம் சிறையில் இருந்தாள்.

காந்திமதி எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டார். விடையை அந்தப் பெண் அன்றைக்கே கையில் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளும் விட்டதில்லை என்று. அதைக் கேட்டுவிட்டு எலியிடம் சோதித்துப் பார்க்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் அவருக்குத் தோன்றவில்லை, ஜெய்லானிக்குத் தோன்றியது.

இயக்குநர் பத்ரிநாராயணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"காந்திமதி, அவசரப்படாதீங்க. அந்த முப்பத்தெட்டுல நிஜமாவே பொய் சொன்னவங்களும் இருப்பாங்க இல்லையா? நீங்க நாளைக்கே வாபஸ் வாங்கினா அவங்களும் சேர்ந்து வெளிய வருவாங்க. அடுத்த கட்டுரையில இதை இந்த முறையோட ஒரு வரம்புன்னு எழுதுங்க. படிப்படியா சரி பண்ணலாம்."

"யாரு பொய் சொன்னாங்க, யாரு நிஜம் சொன்னாங்கன்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது சார். தெரியும்னு சொன்னதுதான் தப்பு."

"உங்க மாணவர்கள் பன்னிரண்டு பேரோட டாக்டர் பட்டம் இதை வச்சுத்தான் இருக்கு."

"தெரியும் சார்."

அன்று மாலையே வாபஸ் கடிதங்களை எழுதி அனுப்பினார். விருதுக்கான கோப்பு பாதியில் நின்றுபோனது.

அடுத்த வாரம் அவரும் ஜெய்லானியும் ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போனார்கள். ரீத்தம்மாளின் வீடு கடற்கரையோரக் குடியிருப்பில் கடைசி வரிசை. வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய கணவர் சூசை காந்திமதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னும் என்னத்த எடுக்க வந்திருக்கிய?"

"விடுங்க. உள்ள வரட்டும்" என்று ரீத்தம்மாளின் குரல் கேட்டது. "வாங்கம்மா. வெயில்ல நிக்காண்டாம்."

நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். முடி முழுக்க நரைத்திருந்தது. காந்திமதி ரயிலில் பலமுறை ஒத்திகை பார்த்த வாக்கியங்களெல்லாம் அங்கே உதவவில்லை. அவருக்குத் திருநெல்வேலிதான் சொந்த ஊர். இருபது வருடமாகப் பேசாத பேச்சு வாயில் வந்தது.

"கோர்ட்டுல நான் சொன்னது தப்பும்மா. நீங்க தெனமும் நெனச்சதாலதான் அது புதுசுன்னு காட்டியிருக்கு. எங்க கணக்கே தப்பு. அத எழுதிக் குடுத்திட்டேன். உங்க வக்கீல்கிட்டயும் பேசிட்டேன். கேஸ மறுபடி எடுக்கலாங்காவ."

ரீத்தம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நீங்க சொன்னதுதான் சரி. நான் பாக்கல."

காந்திமதி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொல்லுதிய?"

"அவன் பூட்டுனத நான் பாக்கல. நானா கற்பிச்சுக்கிட்டது."

சூசை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே எங்கிட்ட சொன்னா, பூட்டிட்டான், பூட்டிட்டான்னு. இந்தக் காதால கேட்டேன். இப்பக் கேட்டா இல்லங்கா. நான் என்ன செய்ய?"

"ஜெயில்ல ஒரு அம்மா வந்து பேசுவாவ" என்றாள் ரீத்தம்மாள். "பெத்தவளுக்கு யாரு மேலயாவது பழியப் போட்டாத்தான் மனசு ஆறும், அதுக்காக இல்லாதது இருக்குத மாதிரி தோணும்னு சொன்னாவ. சரியாத்தான இருக்கும்."

ஜெய்லானி மெல்லக் கேட்டான். "இப்ப அந்தக் கதவு ஞாபகம் வருதாம்மா?"

"வந்தா வெரட்டிருவேன். இப்ப வாரதே இல்ல."

"மகள் ஞாபகம்?"

"அது எப்படி வராம இருக்கும்? பிணவறையில துணிய வெலக்கிக் காட்டுனாவல்லா, அந்த மொகம் தெனமும் வரும். காலையில எந்திரிச்சா வரும்." அவளே மேலும் சொன்னாள். "அத யாரும் பொய்யின்னு சொல்லலியே."

திரும்பும் வழியில் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெய்லானி பேசினான்.

"அந்தப் பிணவறை ஞாபகம் போதும் மேடம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு போலீஸ் ரெக்கார்டு இருக்கு, அவங்க கையெழுத்தும் இருக்கு. அதை ஸ்கேன்ல போட்டு ஒரு நாள்னு வந்தா, மிஷின் தப்புன்னு எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கும். எலியைக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்க."

"கதவு ஞாபகத்தையும் எடுத்துருவோம்."

"வேணாம் மேடம். அதை அளக்கணும்னா அவங்க அதை நினைக்கணும். கஷ்டப்பட்டு விட்டிருக்காங்க."

"ரெண்டும் இருந்தாத்தான் முழுசா இருக்கும், ஜெய்லானி."

அவன் அவரையே பார்த்தான். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டான். இப்போதும் தனக்குத் தரவுதான் முக்கியமாக இருக்கிறதோ என்று காந்திமதிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டார்.

ரீத்தம்மாளிடம் தொலைபேசியில் கேட்டபோது அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நான் பாத்தேனா இல்லையான்னு அதுல தெரிஞ்சிருமா?"

"தெரியாதும்மா. அத இந்த மிஷினால சொல்ல முடியாது."

"பின்ன எதுக்கு?"

"நான் சொன்னது தப்புன்னு நிரூபிக்கதுக்கு."

"சரி. அதுக்குன்னா வாரேன்" என்றாள்.

அவள் கணவருடன் சென்னைக்கு வந்தாள். ஊசி போட்டு, ஸ்கேன் படுக்கையில் படுக்கவைத்தார்கள். காந்திமதி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். முதலில் பிணவறை. ரீத்தம்மாளின் கண்கள் மூடியிருந்தன. உதடு லேசாக அசைந்தது, செபம் சொல்வதுபோல். திரையில் எண் வந்தது. ஒரு நாள்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்து மேஜைமேல் இருந்தது. ஜெய்லானி எண்ணைக் குறித்துக்கொண்டு, "முடிஞ்சுது மேடம். இதோட விட்டுடலாம்" என்றான்.

காந்திமதி மைக்கை அழுத்தினார். "இப்ப அந்தப் பின்கதவ நெனச்சுக்கோங்கம்மா."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரீத்தம்மாளின் வலது கை போர்வைமேல் இறுகியது. திரையில் எண் மெல்ல நிலைபெற்றது. மூன்று வருடம் இரண்டு மாதம், பத்து நாள் முன்பின்.

"ஒரு நாளும் இல்ல, சம்பவத்தோட வயசான அஞ்சு வருஷமும் இல்ல" என்றார் காந்திமதி. "அப்போ, கடைசியா நினைச்ச நாளைத்தான் காட்டுது. அதுக்கப்புறம் நினைக்கலை, பொட்டு உதிர ஆரம்பிச்சிருக்கு. ஜெயில்ல அந்த அம்மா வந்து பேசின சமயமா இருக்கும்."

ஜெய்லானி கோப்பைப் புரட்டினான். ஒரு பக்கத்தில் நிறுத்தி, அவர் பக்கம் தள்ளினான்.

"அவங்க ஜெயிலுக்குப் போறதுக்கு மூணு மாசம் முன்னாடி மேடம். இது நீங்க கூண்டேறின வாரம்."

காந்திமதி தேதியைப் படித்தார். மனதுக்குள் கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். விடை மாறவில்லை. சிறையில் யாரும் அந்த நினைவை அவளிடமிருந்து பிடுங்கவில்லை. நீதிமன்றத்தில், அத்தனை பேர் முன்னால், பொறுமையான குரலில் அவர்தான் பிடுங்கியிருக்கிறார்.

ரீத்தம்மாள் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன காட்டுச்சும்மா?"

காந்திமதி சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

"ஆமா. அன்னைக்கேதான்" என்றாள் ரீத்தம்மாள். "நூறு கட்டுரை எழுதுனவியன்னு ஜட்ஜையாகிட்ட சொன்னாவ. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவ்வளவு படிச்சவிய சொல்லும்போது, என் கண்ணு என்னத்தக் கண்டுச்சுன்னு ஆயிட்டு."

"என்னய மன்னிச்சிரும்மான்னு கேக்க எனக்கு..."

"அது இல்லம்மா." ரீத்தம்மாள் கையை உயர்த்தித் தடுத்தாள். அவளுடைய குரல் மாறியிருந்தது. "உள்ள படுத்திருக்கும்போது எல்லாம் வந்துட்டு. அவன் வலது கையாலதான் பூட்டுனான். உள்ள ஜெசி எதுக்கோ சிரிச்சா, அந்தச் சத்தமும் கேட்டுது. நான் கூடைய வச்சிக்கிட்டு அவனப் பாத்தேன். அவனும் என்னயப் பாத்தான். தெனமும் பூட்டுததுதான, வேல முடியுத முன்ன யாரும் போயிரக்கூடாதுன்னு. நான் ஒண்ணும் சொல்லல. வெடிச்ச பெறகு, ஓடிப் போயி தொறன்னு கத்தியிருக்கலாம். கல்லெடுத்து பூட்ட ஒடச்சிருக்கலாம். ரெண்டு நிமிசம் கால் வரல, நின்னேன். அதுக்குள்ள அவனே பூட்டக் கழத்தி எடுத்துக்கிட்டு ஓடிட்டான்."

சூசை மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார் என்பது தெரிந்தது.

"இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள் அவள். "தெனமும் நெனச்சேன்னு சொன்னேன்லா, இதத்தான் நெனச்சேன். நீங்க அன்னைக்கு அது நடக்கவே இல்லன்னு சொன்னப்போ, எனக்கு அழுக வந்துச்சு. கோவத்துல வரல. கதவு பூட்டியே இல்லன்னா, நான் நின்னதுலயும் தப்பில்லையே. அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் ஜெயில்ல கெடந்தேன். ராத்திரி தூங்குனேன். இப்ப மறுபடியும் கொண்டாந்து குடுத்திட்டிய."

காந்திமதி, தன்னுடைய தப்பான சாட்சி அந்தப் பெண்ணுக்குத் தண்டனையாக இருந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அவளைத் தாங்கிக்கொண்டிருந்ததும் அதுவாகவே இருக்கும் என்று எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஜெய்லானி ரயில் நிலையத்தில் சொன்னது இதைத்தான். அவன் இப்போது போய் ஸ்கேன் கருவியை அணைத்தான்.

ரீத்தம்மாள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"கோர்ட்டுல இதையும் சொல்லணுமா?"

"வேண்டாம்மா. அவன் பூட்டுனத மட்டும் சொன்னாப் போதும். அதத்தான் கேப்பாவ."

"நான் நின்னதும் நான் பாத்ததுதான்" என்றாள் ரீத்தம்மாள்.

மேல்முறையீட்டில் அந்த ஒரு நாள் அளவை ஏற்றுக்கொண்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்கள். ரீத்தம்மாள் மேலிருந்த பொய்ச்சாட்சித் தீர்ப்பும் ரத்தானது. முப்பத்தெட்டுக் கோப்புகளில் இருபத்தொன்று மறுபடி திறக்கப்பட்டன. இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் காந்திமதி போனார். போன இடத்திலெல்லாம், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ரீத்தம்மாள் கூண்டேறிய நாளில் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். பின்கதவு, பூட்டு, வலது கை. போதும், இறங்கலாம் என்றார்கள். அவள் இறங்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குய்யா" என்றாள் நீதிபதியைப் பார்த்து. "யாரும் கேக்கல. நான் சொல்லிருதேன்."